துரைக்கு வராத துரைத் தமிழ்

ஜூன் 3, செவ்வாய்

தொண்டை டாக்டர் ஒரு மாதத்துக்குப் பேச்சைக் குறைக்கச் சொல்லிவிட்டார். குரல் நாணில் தடிப்பாம். பேசாமல் இருந்தால் எனக்கு வயிறு உப்பிக்கொள்ளும். பகவதி இந்த டைரியைக் கையில் கொடுத்து, "இனி இதுல பேசுங்கோ. எனக்குக் காதும் கொஞ்சம் ஓஞ்சிருக்கும்" என்றாள். கட்டிய மனைவி.

யார் கண்டது, நாளைக்கு யாராவது படித்தாலும் படிக்கலாம். அதனால் முறையாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் சிதம்பரதாணு. சொந்த ஊர் நாகர்கோவில். இருப்பு சாலிகிராமம். தொழில், வெள்ளைக்காரன்.

தமிழ் சினிமாவில் எந்தத் துரை வாயைத் திறந்தாலும் வெளியே வருவது என் குரல்தான். "ஏய் மேன்! உன்க்கு எவ்லவு டைரியம்!" என்று யாராவது கர்ஜித்திருந்தால், அது நான் மைக் முன்னால் லுங்கியோடு நின்று கர்ஜித்தது. கலெக்டர், கவர்னர், பாதிரியார், ஜெயிலர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. முகத்தை மட்டும் யாரும் கேட்டதில்லை. சபா நாடகத்தில் இருந்தபோது கேட்டார்கள். அது இருக்கட்டும்.

ஜூன் 5, வியாழன்

இயக்குநர் இளஞ்சேரன் போன் செய்தார். 'அளவுத் துரை' என்று ஒரு படம். நெல்லைச் சீமையில் நிலம் அளக்க வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி, அந்த மக்களோடே கிடந்து பழகி, கடைசியில் தான் போட்ட கோடெல்லாம் தப்பு என்று ஊர் முன்னால் மன்னிப்புக் கேட்டுச் சாகிறார். நடிப்பவர் டெஸ்மண்ட் பிக்கர்ஸ்கில். நான் எத்தனையோ படங்களில் குரல் கொடுத்த அதே ஆள். நேரில் பார்த்ததில்லை.

"தாணு சார், இந்த வாட்டி டப்பிங் இல்ல. லைவ் சவுண்டு. அவரே தமிழ் பேசட்டும்னு பாக்கறேன். நீங்க வசனம் சொல்லிக் குடுங்க. சரியா வரலைன்னா, இருக்கவே இருக்கீங்க நீங்க" என்றார்.

அதாவது, என் சோற்றில் மண் அள்ளிப் போட வேண்டும், மண்வெட்டியையும் நானே பிடிக்க வேண்டும். சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிக் கொடுப்பதில் பல விதம் இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கியதே ஒரு காட்சி. முதலில் குடை, பிறகு தொப்பி, பிறகு ஒரு கால், ரொம்ப நேரம் கழித்து ஆள். எழுபதை நெருங்குகிறார். இத்தனை நாள் என் குரலுக்கு வாயசைத்தவர் என்னைவிட ஒரு முழம் உயரம். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆங்கிலத்தில்தான் பேசினோம். அவர் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். பழக்கதோஷம்.

வட இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனியில் முப்பது வருஷம் இருந்திருக்கிறார். பாதிரியார், போலீஸ் இன்ஸ்பெக்டர், பெரிய வீட்டுச் சமையல்காரன், கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டும் பெண் வேஷத்தில் ஒரு கிழவி. கதாநாயகனாக ஒரு நாளும் இல்லை. கம்பெனி சென்னைக்கு வந்தபோது மஞ்சள் காமாலை கண்டு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். கம்பெனி ஊர் திரும்பிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் கால் ஒடிந்து கிடந்த ஒரு புரொடக்‌ஷன் மேனேஜர், இவர் மஞ்சள் தெளிந்து வெள்ளை திரும்பும்வரை காத்திருந்து கவர்னர் ஆக்கிவிட்டார். அதன்பின் யானை மிதித்து, நாகம் கடித்து, கதாநாயகர்கள் ஒற்றைக் கையால் தூக்கி எறிந்து, இவருக்கு இந்த ஊர் பழகிவிட்டது. கொட்டிவாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறார்.

இந்தத் தொழிலில் ஒரு சங்கதி. இவரைப் போன்றவர்களுக்கு யாரும் வசனம் சொல்லித் தர மாட்டார்கள். "ஒன், டூ, த்ரீன்னு எண்ணுங்க சார். கோபமா எண்ணுங்க" என்பார்கள். வாய் அசைந்தால் போதும். அப்புறம் நான் ஸ்டூடியோவில் அந்த எண்களின் மேல் தமிழைப் பொருத்துவேன்.

டீ குடித்துக்கொண்டே கேட்டார். "மிஸ்டர் தாணு, ஒரு படத்தில் கடற்கரையில் தனியாக நிற்பேன். மாலை வெயில். சோகமாக எண்ணச் சொன்னார்கள். அங்கே நான் என்ன சொல்கிறேன்?"

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "'அடுத்த கப்பலில் இன்னும் பத்து பீரங்கி வரட்டும். இந்தக் காட்டுமிராண்டிகளைச் சாம்பல் ஆக்குகிறேன்.'"

கப்பைக் கீழே வைத்தார். சட்டையெல்லாம் டீ சிந்தும் அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, "அன்றைக்கு நான் என் அம்மாவை நினைத்துக்கொண்டு எண்ணினேன்" என்றார்.

அவர் 'ட்வெண்டி' என்ற இடத்தில் 'பீரங்கி' மிக நன்றாக உட்கார்ந்தது என்றேன்.

போகும்போது வாசலில் நின்று சொன்னார். "என் முகம் சுமார். நடிப்பும் சுமார் என்று பத்திரிகைகளில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இருந்தது குரல் ஒன்றுதான். அந்தக் குரலை இந்த ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. சாவதற்குள் ஒரு படத்தில் கேட்டுவிட்டால் போதும்."

எனக்கு இருப்பதும் குரல் ஒன்றுதான். சொல்லவில்லை. பேச்சைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்களே.

ஜூன் 14, சனி

பாடம் நடக்கிறது. நான் வசனத்தைப் படிக்கிறேன், அவர் திருப்பிச் சொல்கிறார். நான் வேண்டுமென்றே மெயில் வண்டி வேகத்தில் படிக்கிறேன் என்று பகவதி புகார் சொல்கிறாள். தொண்டைக்கு நல்லது என்று சீக்கிரம் முடிக்கிறேன், அவ்வளவுதான்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று பாதிப் பாடத்தில் ஆளைக் காணோம். சமையலறையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார். பகவதி பேசப் பேச இவர் அப்படியே திருப்பிச் சொல்கிறார். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. இவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இருவருக்கும் பேச்சு ஓயவில்லை.

ஜூன் 21, சனி

கீரைக்காரி கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு இவரும் பகவதியை "அக்கா" என்கிறார். அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவளுக்கு வாயெல்லாம் பல்.

ஜூன் 28, சனி

கதவைத் தட்டினார். நான் திறந்ததும், "சுகமா இருக்கியளா? அக்கா எங்க, காணல?" என்றார்.

அசல் நாகர்கோவில். கோட்டாறு சந்தையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் உள்ளூர் ஆள் என்பார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை நான் சொல்லித் தரவில்லை. நான் சொல்லித் தந்தது எதுவும் அவர் வாயில் இல்லை என்பதையும் கவனித்தேன்.

படத்தில் துரை அந்த மக்களோடு பழகியவர்தானே, இப்படிப் பேசுவதுதான் சரி என்று இளஞ்சேரன் போனில் குதிக்கிறார். நானும் குதித்தேன், உட்கார்ந்த இடத்திலிருந்து.

ஜூலை 9, புதன். அம்பாசமுத்திரம்

படப்பிடிப்பு. என்னையும் துணைக்குக் கூட்டிவந்திருக்கிறார்கள். இங்கே எல்லா நடிகர்களுக்கும் கேமராவுக்குப் பின்னாலிருந்து உதவி இயக்குநர் வசனத்தை எடுத்துக் கொடுப்பது வழக்கம். டெஸ்மண்டுக்கும் கொடுத்தார்கள். முதல் வரியைக் கேட்டதும் அவர் முகம் தொங்கிப்போனது. மேடையில் ஒருவருக்கு வசனம் எடுத்துக் கொடுத்தால் அவர் மறந்துவிட்டார் என்று அர்த்தமாம். தன் வசனம் மட்டுமல்ல, எதிரே நின்ற கதாநாயகனின் வசனத்தையும் ஒப்பித்துக் காட்டினார். கதாநாயகன் அதைக் கேட்டு எழுதிக்கொண்டான்.

ஜூலை 11, வெள்ளி

மன்னிப்புக் காட்சி எடுத்தார்கள்.

ஊர்க்காரர்களையே கூட்டமாக உட்கார வைத்திருந்தார்கள். துரை நிலம் அளக்கும் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு மண்டியிடுகிறார். "நான் போட்ட கோடு ஒண்ணும் சரியில்ல. ஒருத்தன் வீட்டுக்கும் அவன் கிணத்துக்கும் நடுவில கோடு போட்டேன். நீங்க எனக்குச் சோறு போட்டிய. நான் உங்க சோத்தில கோடு போட்டேன். மன்னிக்கணும்னு கேக்க எனக்கு வாயில்ல. ஆனாலும் கேக்கேன்."

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா, துணை நடிகைகூட இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவள், "எந்திரிங்க ஐயா, போதும்" என்று எழுந்து வந்துவிட்டாள். அந்த டேக் வீணாகிவிட்டது. ஆனால் ஒருவரும் அவளைத் திட்டவில்லை.

நன்றாகச் செய்தார். ரொம்ப நன்றாகச் செய்தார். இதை இங்கே எழுதிவிட்டேன், நேரில் சொல்லவில்லை.

ஜூலை 12, சனி

துரை செத்தார். சொந்த ஆட்களே சுட்டுவிடுகிறார்கள். நம்மவர்களுக்கு ஒரு சாஸ்திரம் உண்டு. சாவு ஷாட் முடிந்ததும் செத்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். அப்போதுதான் தோஷம் கழியும். இதை வெள்ளைக்காரருக்கு எப்படி விளக்குவது என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விளக்கினேன்.

"இதில் விளக்க என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் தினமும் செத்து, தினமும் எழுந்து வணங்குவோமே" என்று சொல்லி, குங்குமக் கரைசல் வழியும் சட்டையோடு இடுப்பை வளைத்து ஒரு வணக்கம் வைத்தார். ஊரே கை தட்டியது. பூசணிக்காயை உடைக்க வந்தவன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை தட்டினான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தயாரிப்பாளர் அண்ணாச்சிக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். திருநெல்வேலியில் இரும்புக்கடை வைத்துச் சம்பாதித்தவர். நானும் போயிருந்தேன். இடைவேளையிலேயே எழுந்துவிட்டார்.

"என்னவே இளஞ்சேரா, துரைக்கு யாருவே டப்பிங்கு? வெள்ளைக்காரன் மாதிரியே இல்லையே! ஆலங்குளத்துக்காரன் எவனையோ புடிச்சிப் பேச வச்ச மாதிரில்லா இருக்கு!"

"அண்ணாச்சி, அது அவரோட சொந்தக் குரல். அவரே பேசினது."

"சும்மா இரும்வே. வெள்ளைக்காரன் எப்படிப் பேசுவான்னு எனக்குத் தெரியாதா? சின்ன வயசிலேருந்து எத்தன படம் பாத்திருக்கேன்!" திரும்பி என்னைப் பார்த்தார். "தாணு சார் இருக்காருல்லா. அவரப் பேச வையும். அதுதான் அசலு."

அசல் என்று சொல்லிவிட்டார். வேலை மறுபடி என் கைக்கு வந்துவிட்டது. சந்தோஷமாக இருக்கிறேன். வருகிற வழியில் பகவதிக்கு அல்வா வாங்கினேன். ஏன் இன்னும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை என்று கேட்கிறாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

டெஸ்மண்டிடம் யார் சொல்வது என்ற பேச்சு வந்தபோது இளஞ்சேரனுக்கு அவசரமாக ஏதோ வேலை வந்துவிட்டது. நான்தான் கொட்டிவாக்கம் போனேன்.

கேட்டுவிட்டு எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். பிறகு, "அவர்களுக்கு வேண்டிய மாதிரி நானே பேசிவிட்டால் என் குரலை வைத்துக்கொள்வார்களா?" என்று கேட்டார்.

"கேட்டுப் பார்க்கலாம்."

"அப்படியென்றால் அதையும் சொல்லிக் கொடுங்கள்."

ஆகஸ்ட் 20, புதன்

ஓர் இங்கிலாந்துக்காரருக்கு, இங்கிலாந்துக்காரர் எப்படிப் பேசுவார் என்று நாகர்கோவில்காரன் ஒருவன் சாலிகிராமத்தில் உட்கார்ந்து வகுப்பெடுத்தேன். இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. அங்கே வரவில்லை.

"'த' வருகிற இடத்தில் எல்லாம் 'ட' போடுங்கள்."

"எனக்குத்தான் 'த' வருகிறதே?"

"துரைக்கு வராது."

"எந்தத் துரைக்கு?"

"சினிமாத் துரைக்கு."

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குறித்துக்கொண்டார். "டமில் மக்கலே, என்னே மன்னிச்சுட்" என்று ஆரம்பித்தார். பகவதி கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

"என்ன அநியாயம் இது! நல்லாப் பேசிட்டிருந்த மனுசன இப்பிடிக் கெடுக்கியளே! கோயில் சிலைக்கு மூக்க உடைக்க மாதிரி!" அவர் பக்கம் திரும்பி, "துரை, நீங்க நல்லாத்தான் பேசுகியோ. இவாள் சொல்லதக் கேக்காண்டாம்" என்றாள்.

"வேலைலா அக்கா. சொன்னதச் செய்யணும்லா" என்றார் அவர், சுத்தமான தமிழில்.

அவள் உள்ளே போய்விட்டாள். சாதம் மட்டும் போட்டாள், குழம்பு நானே ஊற்றிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

டப்பிங் தியேட்டர். டெஸ்மண்ட் மைக் முன்னால் நின்று தன் மன்னிப்பைத் தானே கெடுத்துப் பேசினார். ட போட்டார், ல போட்டார், நான் சொன்னதையெல்லாம் போட்டார். அண்ணாச்சி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து உதட்டைப் பிதுக்கினார்.

"ம்ஹூம். நடிக்காரு. வெள்ளைக்காரன்னு நம்ப முடியலையே."

வெளியே வந்த டெஸ்மண்டிடம் நான் முடிந்தவரை மெதுவாகச் சொன்னேன். அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "மிஸ்டர் தாணு, எத்தனையோ வேஷத்துக்கு என்னை வேண்டாம் என்றிருக்கிறார்கள். இங்கிலாந்துக்காரன் வேஷத்துக்கு வேண்டாம் என்றது இதுதான் முதல் தடவை." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. குடையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். கொடுத்துவிடலாம் என்று நான்தான் எடுத்து வந்தேன்.

திங்கட்கிழமை நான் பேச வேண்டும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஒலிப்பதிவாளர் யூசுப்பும் நானும் மட்டும். அண்ணாச்சி ஊருக்குப் போயிருக்கிறார். திரையில் டெஸ்மண்ட் மண்டியிட்டார். நான் வாயைத் திறந்தேன். "நான் போட்ட கோட் ஒன்னும் சரி இல்லே..."

நிறுத்தினேன். மறுபடி எடுத்தோம். மறுபடி நிறுத்தினேன். வாயசைவு பொருந்தவில்லை என்று சொல்ல முடியாது. அச்சாகப் பொருந்தியது. அந்த முகத்துக்கு அந்தச் சத்தம்தான் பொருந்தவில்லை. அன்று முன்வரிசையில் இருந்த அந்த அம்மா என் குரலைக் கேட்டிருந்தால் எழுந்து வந்திருக்க மாட்டாள்.

"சார், இன்னொரு டேக் போலாமா?"

"யூசுப், ஹெட்ஃபோனில் அவர் அம்பாசமுத்திரத்தில் பேசியதைப் போடு."

போட்டார். கேட்டேன்.

"படம் முழுக்க இதையே இருக்க விட்டுவிடு. நான் பேசியதாகச் சொல்லிவிடு."

"சார்! அண்ணாச்சி கண்டுபிடிச்சா என்னைத் தொலைச்சுருவாரு!"

"அண்ணாச்சிக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்."

தொண்டை சரியில்லை. அதனால்தான் இப்படிச் செய்ய வேண்டியதாகிவிட்டது. டாக்டர் சொன்ன ஒரு மாதம் எப்போதோ முடிந்துவிட்டதே என்று பகவதி கேட்டாள். கேட்டுவிட்டு, இன்று குழம்பை அவளே ஊற்றினாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அண்ணாச்சிக்கு மறுபடி போட்டுக் காட்டினார்கள். மாட்டிக்கொண்டால் இந்தத் தொழிலில் இனி யாரும் என்னை உள்ளே விட மாட்டார்கள்.

மன்னிப்புக் காட்சி வந்தது. அதே குரல், அதே மூச்சு. அண்ணாச்சி மூக்கை உறிஞ்சினார். விளக்குப் போட்டதும் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது துரை! இதுல்லாவே துரை! முன்னால பேசுனதுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தாணு சார், உங்க பேர டைட்டில்ல தனி கார்டா போடச் சொல்லுதேன்."

இளஞ்சேரன் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்துகொண்டே இருந்தார். அவர் போட்டிருந்த செருப்புக்கு வாரே கிடையாது.

அக்டோபர் 31, வெள்ளி

படம் வெளிவந்தது. வடபழனியில் முதல் காட்சிக்கு டெஸ்மண்ட், நான், பகவதி. நான் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. தன் முகத்தில் என் குரல் வரப்போகிறது என்ற நினைப்பில், பல் பிடுங்கப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

துரை முதல் முறை வாயைத் திறந்தார். டெஸ்மண்ட் என் பக்கம் திரும்பினார். நான் திரையையே பார்த்தேன். அடுத்த வசனத்தில் என் கையைப் பிடித்தவர், சாகும்வரை விடவில்லை. திரையில்தான்.

தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். இத்தனை வருஷத்தில் என் துரைகளுக்கு விசில் அடித்திருக்கிறார்கள், செருப்பு வீசியிருக்கிறார்கள். யாரும் அழுததில்லை.

முடிவில் பெயர்கள் ஓடின. பகவதி உரக்கவே படித்துவிட்டாள். "துரைக்குக் குரல், சிதம்பரதாணுன்னு போட்டிருக்கே! பேசினது அவருலா? உங்க பேர எதுக்குப் போட்டான்?"

டெஸ்மண்ட் என்னைப் பார்த்தார். "என் மனைவி படத்தைப் பாராட்டுகிறாள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டினார்.

வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 4, செவ்வாய்

போன் ஓயவில்லை. 'சிதம்பரதாணுவின் வாழ்நாள் சாதனை' என்று ஒரு பத்திரிகை. அந்த மூச்சு விடும் இடங்கள் அபாரம் என்று எழுதியிருக்கிறார்கள். மறுக்கவில்லை. நன்றி சொன்னேன். ஒன்றிரண்டு பேரிடம், ரொம்ப உழைத்தேன் என்றுகூடச் சொன்னேன்.

நவம்பர் 10, திங்கள்

தேன்மதி என்று ஒரு இளம் இயக்குநர் கூப்பிட்டிருக்கிறார். நாஞ்சில் நாட்டு விவசாயி ஒருவர்தான் படத்தில் முக்கியப் பாத்திரம். நடித்தவர் மலையாளி, தமிழ் ஒட்டவில்லை. 'அளவுத் துரை'யில் கேட்ட அந்தக் குரல் வேண்டுமாம்.

எனக்கு ஒரு கணம் பயம். அப்புறம் யோசித்தேன். பயப்பட என்ன இருக்கிறது? துரை வேஷம் இல்லையே. நாகர்கோவில் கிழவன். நான் நாகர்கோவில், நானும் கிழவன். இதற்கு நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நவம்பர் 12, புதன்

குரல் சோதனை. நன்றாகவே பேசினேன். தேன்மதி ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தத் துரை பேசறப்ப ஒரு மனுஷன் பேசற மாதிரி இருந்துச்சு. இது டப்பிங் மாதிரி இருக்கு. அந்த மாதிரியே ஒரு தடவை பேசுங்களேன்."

மறுபடி பேசினேன். அவர் முகத்தில் மரியாதைக்கு ஒரு சிரிப்பு. எனக்குத் தெரிந்த சிரிப்புதான். சபா நாடகத்திலிருந்து என்னை நிறுத்தியவர்களும் இப்படித்தான் சிரித்தார்கள்.

தொண்டை என்று சொல்லியிருக்கலாம். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி, டெஸ்மண்டைத் தனியாகக் கூட்டிவந்து, என் பெயரிலேயே பேச வைத்திருக்கலாம். அவர் மாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டார். இது இரண்டையும் நினைத்துப் பார்த்துவிட்டேன், மறைக்கவில்லை.

"அந்தக் குரல் என்னுடையது இல்லை அம்மா" என்றேன். "துரையே பேசியது."

அவர் நம்பவில்லை. நான் தன்னடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். இந்தத் தொழிலில் என்மேல் இந்தப் பழி இதற்கு முன் விழுந்ததில்லை. கடைசியில் யூசுப்பைப் போனில் பிடித்து சாட்சி சொல்ல வைத்தேன். இனி ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அண்ணாச்சிக்கும்.

நவம்பர் 14, வெள்ளி

டெஸ்மண்டை அழைத்துக்கொண்டு போனோம். பகவதியும் வந்தாள். ஆட்டோவில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டைட்டிலில் என் பெயர் வந்தது, வந்த பாராட்டை எல்லாம் நானே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டது, எல்லாம்.

"தெரியும்" என்றார். "அன்றைக்கு தியேட்டரில் அக்கா சொன்னார்களே."

"அவள் தமிழில் அல்லவா சொன்னாள்?"

"ஆமாம்" என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜூனிலிருந்து இந்த மனிதருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவன் நான். அவருக்குத் தமிழ் புரியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"பின்னே ஏன் கேட்கவில்லை?"

"நீங்களே சொல்லுவியன்னு இருந்தேன்" என்றார், தமிழில். பகவதி சிரிக்கிற சிரிப்பில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

உள்ளே அவர் மைக் முன்னால் நின்றார். நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். வெளிநாடு கிளம்பும் மகளிடம் அப்பா பேசும் காட்சி. "சோறு வச்சிருக்கேன். ஒரு வாய் தின்னுட்டுப் போ மக்ளே. நேரம் ஆச்சுன்னா ஆகட்டு, பிளேன் எங்க போவும்?" தேன்மதி கட் சொல்ல மறந்துவிட்டார். பகவதி முந்தானையை எடுத்தாள். நானும் அழுதேன். இந்த டைரியைத் தவிர வேறெங்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வெளியே வந்ததும் தேன்மதி கேட்டார். "டைட்டில்ல குரல்னு டெஸ்மண்ட் சார் பேர் போட்டுடறேன். தமிழ் சொல்லிக் குடுத்தவங்க பேரும் போடணுமே?"

நான் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டேன்.

"போடணும்லா" என்றார் டெஸ்மண்ட். "பகவதி. அக்கா பேரு பகவதி."

என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி குடையை லேசாக உயர்த்தினார். உள்ளதுதானே. பகவதி, "அய்யய்யோ, எனக்க பேரெல்லாம் எதுக்கு" என்று சொன்னாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிக்கர்ஸ்கில் என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று உதவி இயக்குநருக்குத் தெரியவில்லை. தாளை வாங்கி இரண்டு பெயரையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். பாதி சந்தோஷம், பாதி வயிற்றெரிச்சல். எரிச்சல் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.